அழுத்தம் விழுந்த அசை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்துமதியின் போனுக்கு அந்தக் குரல்செய்தி வந்தது. அவள் கணவன் ஜெயகணேஷுக்குப் போர்ச்சுகலில் பழத்தோட்ட வேலை. முந்தின நாள் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கூட வேலை செய்கிறவன் சொன்னதோடு சரி, அப்புறம் அவன் போனும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிப்பிடித்து, 'அவர் நிலைமை மோசமா?' என்று இவள் கேட்டிருந்தாள். அதற்கு ஒரு டாக்டர் பதில் பேசி அனுப்பியிருந்தார்.

கணவனோடு போய்ச் சேர்வதற்காக ஒரு வருஷமாக அந்த மொழியைப் படித்துவந்தாள். கற்றதெல்லாம் கடைக்குப் போகவும் பஸ் ஏறவும் காணும். டாக்டரோ வயதானவர் போலும், ஏட்டு நடையில் பேசினார். இவள் காதில் விழுந்தது ஒரே சொல்தான். அக்ராவஸ. மோசமாகிறது.

ஷிப்பிங் ஆபீசின் பின்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துறைமுகத்து லாரிகளின் இரைச்சல் எங்கோ கேட்டது. பக்கத்து மேஜை ஜேசுபாதம் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க கடக்கரை வீடுகள்ல பழைய போர்ச்சுகீசு வார்த்தை உண்டும்லா. இதக் கொஞ்சம் கேளுங்களேன்."

கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளைக்கு ஞானஸ்நானத்துல நிக்கிறவரக் கும்பாதிரிம்போம். அதுக்கு மேல எனக்கு என்னம்மா தெரியும். பதறாம இன்னொருக்கா போட்டுக் கேளு."

போட்டாள். தமிழ் இலக்கியம் படித்தவள். பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரித்துப் பிரித்துத் தேர்வு எழுதிய மூளை, பயத்திலும் அதையே செய்தது. டாக்டர் கடைசியில் சொன்ன நீளச் சொல்லை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அ-வி-ஸா-ல-ஈ-ய-முஷ். முதல் மூன்று அசை 'தெரிவி'. நடுவில் இருக்கிற 'ல' அவள்தான், 'உங்களுக்கு'. வினையை இரண்டாகப் பிளந்து நடுவே ஆளை உட்காரவைக்கிற மொழி அது. மிச்சம் விகுதி. 'ஏமுஷ்' என்றிருந்தால் செய்யப்போவது உறுதி. இது 'ஈயமுஷ்'. ஒன்று நடந்தால்தான் இன்னொன்று என்று பேசுகிற விகுதி. அப்படியானால் முன்னால் ஒரு 'இப்படி ஆனால்' இருந்தாக வேண்டும்.

மறுபடியும் கேட்டாள். அழுத்தம் 'க்ர'வில் இல்லை, அடுத்த அசையில் விழுந்தது. அக்ராவஸ அல்ல, அக்ரவாஸ. மோசமானால். மோசமானால் உங்களுக்குச் சொல்வோம் என்கிறார். இன்னும் ஆகவில்லை.

உடனே அந்த நம்பருக்கு அடித்தாள். அதே டாக்டர் எடுத்தார். இவள் தடுமாறித் தடுமாறிக் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒ-பெ-ரா-லு-ஏ-முஷ். இந்தத் தடவை பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 'லு', அவரை. 'ஏமுஷ்', உறுதி. இடுப்பெலும்பில் நாளைக் காலை ஆபரேஷன். இது புரியாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

வீட்டு வாசலிலேயே மாமியார் சந்தனமாரி நின்றிருந்தாள்.

"ஏளா, என்ன சொல்லுதாவ?"

"நாளைக்கி இடுப்புல ஆபரேசன் அத்தை."

"பொழச்சிக்கிடுவானா?"

அதைக் கேட்க இந்துமதிக்குத் துணிவு வந்திருக்கவில்லை.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போகவில்லை. மாமியாரும் மருமகளும் அடுப்புப் பற்றவைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மணி அடித்தது. ஜெயகணேஷ்தான். குரல் நூலாக இழைந்தது.

"ஏளா, கம்பி வச்சிருக்காவ. நாக்கு ஒட்டுது, தண்ணி கேட்டா ஒருத்திக்கும் வெளங்கமாட்டேங்கு."

இந்துமதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன அந்த நர்சம்மாட்ட குடுங்க."