ஏசியில் கோளாறு இல்லை

அந்த டிரைவிங் ஸ்கூலில் டீச்சரைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்பார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்கள், எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்பவர்கள் என எத்தனையோ பேரைக் கரையேற்றியவர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

ஐம்பதை நெருங்கும்போது எல்லாம் தாறுமாறாயிற்று. மாதவிலக்கு சில மாதம் எட்டியே பார்க்காது. வந்தால், போக மனசில்லாத விருந்தாளி மாதிரி வாரக்கணக்கில் தங்கும். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவற்றுக்கும் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தார். தூக்கம் வரவில்லையா, மெத்தை பழசு. முட்டி வலிக்கிறதா, காலமெல்லாம் கிளட்ச் மிதித்த வினை. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காதுமடல் என்று ஏறிச் சட்டையை நனைத்துவிடுகிறதா, காரில் ஏசி சரியில்லை.

மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் விட்டார். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏசியில ஒரு கோளாறும் இல்ல மேடம். உள்ள உட்கார்ந்தா எனக்கே நடுங்குது" என்றார்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படி வேகுது?"

மெக்கானிக் பில்லை நீட்டினார்.

பிறகு படபடப்பு வந்தது. மாரடைப்போ என்று பயந்து கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் நன்றாக இருக்கிறது, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அதான் ஒண்ணுமில்லன்னுட்டாரே" என்றார் கணவர் நிம்மதியாக. டீச்சருக்கு அந்த 'ஒண்ணுமில்ல' சுருக்கென்று தைத்தது. ஒன்றுமில்லை என்றால், இண்டிகேட்டர் என்ற சொல்கூட ஏன் வாயில் வராமல், "அதான், மினுக்கு மினுக்குன்னு எரியுமே, அதப் போடுங்க" என்று உளற வேண்டியிருக்கிறது? பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு ஏன் காரணமில்லாமல் அழ வேண்டியிருக்கிறது? ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, நான் இல்லாமல் போனால்தான் என்ன என்று தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் கல்லூரி மாணவி ஒருத்தி ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் லேசாக இடித்தாள். டீச்சர் வெடித்தார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். டீச்சருக்கு அது வேறு யாரோ கத்தியது போல இருந்தது.

மறுநாள் காலை அவளுடைய அம்மா வந்து நின்றார். சண்டைக்கென்றே வந்தவர்.

"எம் பொண்ண நாங்களே ஒரு சொல் சொன்னதில்ல. நீங்க யாருங்க அவளை..."

டீச்சர் பதில் சொல்ல எழுந்தார். அப்போதுதானா வர வேண்டும் அந்தச் சூடு! முகம் சிவந்து, மேலுதட்டில் வியர்வை பொடித்து, கையில் கிடைத்த போக்குவரத்து விதிப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்தவர் பேச்சை நிறுத்தி அவரையே பார்த்தார்.

"உங்களுக்கு வயசென்ன?"

"ஐம்பது ஆகப்போகுது."

"நிக்கிற நேரமா?"

டீச்சருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

"நான் என்ன பண்ணேன் தெரியுமா?" என்றார் வந்தவர், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "வீட்டுக்காரரு செல்போனைத் துணியோட துணியா வாஷிங் மெஷின்ல போட்டு, மூடிட்டேன். தெரிஞ்சேதான். வாங்க, எனக்குப் பார்த்த லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எம் பொண்ணுகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுடணும், சொல்லிட்டேன்."

லேடி டாக்டர் அவசரப்படாமல் எல்லாம் கேட்டார். அதிக நாள் உதிரம் போவதற்கு ஸ்கேன், தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை, எலும்புக்கு ஒன்று என்று எழுதினார். கடைசியில், "வாழவே பிடிக்கலன்னு எப்பவாவது தோணுச்சாம்மா?" என்றார்.

டீச்சர் சுவரைப் பார்த்தார். பிறகு, "ஒரு தடவை" என்றார்.

"சொன்னது நல்லதாப் போச்சு. மாதவிடாய் நிக்கப்போற சமயத்துல மனசையும் சேர்த்துத்தான் ஆட்டும். இது வியாதி இல்ல. அதுக்காகப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கணும்னும் இல்ல." மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். பரிசோதனைகளில் பயப்பட ஏதுமில்லை என்று தெரிந்த பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டே ஹார்மோன் மாத்திரை தொடங்கினார்.

முதல் மாத்திரை போட்ட அன்று சாப்பாட்டு மேசையில் டீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், பாலத்தடி உட்பட. அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எங்கம்மாவுக்கு இப்படியெல்லாம் இருந்ததில்லையே" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார். பிறகு மெதுவாக, "உன்னையும்தான் கேக்கல."

சில மாதங்களில் சூடு குறைந்தது, தூக்கம் திரும்பியது. முட்டி வலி மட்டும் அசையவில்லை. அதற்கு உண்மையிலேயே கிளட்ச்தான் காரணம் போலும். டீச்சர் அந்த மாணவியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் தலையாட்டினாள், ஆனால் வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய அம்மாதான் கற்றுக்கொள்ள வந்தார். மகளைவிட மோசமாக ஓட்டினார். கம்பம் கம்பமாகத் தேடிப்போய் இடித்தார்.