விண்மாறன் முடிந்த ஞாயிறு

செசிலி மாமி லிஜாவின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாவக் கெடக்க மனுசன் முன்னால டிவி போடப் போறியா? ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"அப்பா கேக்காரு மாமி."

"என்னத்தக் கேட்டான்? அவனுக்குப் பேச்சு நின்னு எத்தன நாளாச்சு!"

கட்டிலில் கிடந்த அவள் தம்பி ஜான்ரோஸின் வலது கை மறுபடியும் போர்வைக்கு மேலே எழுந்தது. விரல் எதிர்ச் சுவரைக் காட்டி நடுங்கிவிட்டு விழுந்தது. அந்தச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே, மேசையில், டிவி.

"பாத்தியா? ஆண்டவரக் காட்டுகான்." மாமி சிலுவை போட்டுக்கொண்டாள். "காலையில சாமியார் வந்து கடைசி எண்ண பூசிட்டுப் போனாரு. ஆத்துமா போக ஒருங்கியாச்சு. நீ குறுக்க நிக்காத."

லிஜா அப்பாவின் கண்களைப் பார்த்தாள். பாதி திறந்திருந்தன. படத்தைப் பார்க்கின்றனவா டிவியைப் பார்க்கின்றனவா என்று அவளாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மஸ்கட்டில் வீட்டு வேலைக்கு நிற்கும் அம்மா ஒருவழியாக லீவு வாங்கி இன்று திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியிருந்தாள். அவள் வந்து சேரும்வரை மூச்சு தாங்க வேண்டும். அதற்காகத்தான் மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மத்தியானத்திலிருந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. அம்மாதான்.

"மக்கா, களியக்காவிளையில ஒரே பிளாக்கு. வண்டி நகரல்ல. அப்பாட்ட சொல்லு, நான் வந்துட்டேன்னு. காதுக்குள்ள சொல்லு."

லிஜா குனிந்து சொன்னாள். ஜான்ரோஸின் முகத்தில் அசைவில்லை. கை மட்டும் மீண்டும் எழுந்தது. அதே சுவர்.

அம்மா முதன்முதலாக மஸ்கட் போனபோது லிஜா இரண்டாம் வகுப்பு. அந்த வாரம் முழுக்க அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடலில் வலை இழுத்துப் பழகிய மனிதருக்கு அழுகிற பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு டிவியைப் போட்டார். நீல அங்கி பறக்க, கார்ட்டூன் வீரன் விண்மாறன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். வானமெல்லாம் ஆள்கிற அவனுக்கு உடம்பு நனைந்தால் பலம் போய்விடும்.

"இவன நம்ம வள்ளத்துல ஏத்துனா அண்ணைக்கே தொலஞ்சான்" என்றார் ஜான்ரோஸ். லிஜா சிரித்தாள். திறந்த வாய்க்குள் ஒரு உருண்டை போனது.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தவறவில்லை. பெரியவளானதும் லிஜாவுக்கு வெட்கம் வந்து நிறுத்திவிட்டாள். ஜான்ரோஸ் நிறுத்தவில்லை. கார்ட்டூன் பார்க்கிற கிழவன் என்று கடற்கரையில் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "இந்த வாரம் அவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். அவருக்குக் கதை சொல்வதற்காகவே லிஜா மறுபடியும் பார்க்கத் தொடங்கினாள். அப்படித்தான் அந்த அறிவிப்பைக் கண்டாள். தொடர் முடியப்போகிறது.

சொன்னதும் அவர் விரல்விட்டு ஞாயிறுகளை எண்ணினார். பிறகு, "அது வர நான் கெடப்பேனா மக்கா?" என்றார். அவளிடம் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

இன்று அந்த ஞாயிறு.

லிஜா எழுந்தாள். மேசையருகே போய் டிவியின் பொத்தானை விரலால் அழுத்தினாள்.

தொடக்கப் பாட்டு வீட்டை நிறைத்தது. ஜெபம் பாதியில் அறுந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி பாய்ந்து வந்து கையை ஓங்கினாள்.

"நாய்க்குப் பொறந்தவளே..."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகலா, தொண்டையில் சளி உருண்டதா, தெரியவில்லை. ஜான்ரோஸின் கை போர்வைமேல் அமைதியாகக் கிடந்தது. மறுபடியும் எழவில்லை.

மாமியின் கை மெல்ல இறங்கியது.

"சத்தத்தக் கொற" என்றாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்து, விட்ட மணியிலிருந்து ஜெபமாலையைத் தொடங்கினாள்.

லிஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்நுனிகள் குளிர்ந்திருந்தன. திரையில் வெடிச்சத்தம் கேட்டது. யாரோ ஒரு சிறுமி விண்மாறனைக் கூப்பிட்டுக் கதறினாள். ஜான்ரோஸின் மூச்சு ஏறி, நின்று, யோசித்து இறங்கியது. ஒவ்வொரு முறையும் நிற்கிற நேரம் நீண்டது.

விளம்பரம் வந்தது. பற்பசை, சோப்பு, பிஸ்கட். மூச்சு வரவில்லை. மாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"அப்பா" என்றாள் லிஜா. "இன்னும் முடியல்ல. கொஞ்சம் பொறுங்க."

நெஞ்சு ஏறியது.

போன் மறுபடியும் அதிர்ந்தது. "மார்த்தாண்டம் தாண்டியாச்சு. முழிச்சிருக்காரா?"

"இருக்காரும்மா. சீக்கிரம் வா."

கதை மறுபடியும் தொடங்கியது. லிஜா திரையைப் பார்க்கவில்லை. வெளிச்சம் நீலமாகவும் சிவப்பாகவும் அப்பாவின் நெற்றியில் மாறிமாறி விழுவதையே பார்த்தாள். விண்மாறனின் குரல் ஏதோ சொன்னது. கூட்டம் ஆரவாரித்தது. ஜான்ரோஸ் ஒரு மூச்சை விட்டார். லிஜா அடுத்ததற்காகக் காத்திருந்தாள். முடிவுப் பாட்டு வந்தது. அப்போதும் காத்திருந்தாள்.

மாமி வந்து தம்பியின் கண்களை மூடினாள். ஜெபமாலையை அவர் விரல்களில் சுற்றினாள். பிறகு இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்து லிஜாவிடம் நீட்டினாள்.

"நீயே நிறுத்து."

அம்மா வந்து சேர்ந்தபோது கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை அடங்கி மூச்சு வாங்கியபோது கேட்டாள்: "கடைசியா என்ன கேட்டாரு? என்னயக் கேட்டாரா?"

லிஜா டிவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருதய ஆண்டவரக் காட்டிட்டே கெடந்தான்" என்றாள் மாமி. "வேதன ஒண்ணுமில்ல. லேசாத்தான் போனான்."

வந்தவர்களுக்குக் கட்டன்காப்பி போட லிஜா அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே மாமியும் வந்தாள். தண்ணீர் கொதித்தது. மாமி தூளைப் போட்டு மூடினாள்.

"அந்தப் பறக்குறவன்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. "கடைசியில அவனுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தியா?"

"இல்ல மாமி. அப்பா மொகத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்."

மாமி அடுப்பைத் தணித்தாள்.

"நான் பாத்தேன்" என்றாள். "சொல்லட்டா?"

வெளியே யாரோ வாடகை நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இப்பம் வேண்டாம் மாமி."

மாமி தலையாட்டினாள். டம்ளர்களைத் தட்டில் அடுக்கி, காப்பியை ஊற்றி, தட்டை லிஜாவின் கையில் கொடுத்தாள்.

"சூடு" என்றாள். "பாத்துக் கொண்டு போ."