இருபத்துநாலு கார்த்திகை

என் மகள் ஷர்மிளாவின் கெண்டைக்கால்களைப் பார்த்து ஊரே கண்வைத்தது. எங்கள் மலையூர் பேத்துப்பாறையில் மேடு ஏறி இறங்காமல் ஒரு குடம் தண்ணீர்கூட வீட்டுக்கு வராது. கால் பருத்திருந்தால் உழைக்கிற கால் என்று பேர். "மலைக்காலுடி ஒம் மகளுக்கு" என்பாள் பக்கத்து வீட்டு வீரம்மா. நானும் பெருமையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். செத்துப்போன சதை இருந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துதான் கால் பருத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பல்லை அன்றைக்கே யாராவது உடைத்திருக்கலாம்.

பதினாறு வயதில் அடிக்கடி தடுக்கி விழ ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்தால் முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுந்தாள். வத்தலக்குண்டில் ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் மாத்திரையை நம்பவில்லை, பழனிக்குப் போய் வேண்டிக்கொண்டேன். மாதா மாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று அவளை மலையேற்றுகிறேன் என்று வேண்டுதல், மொத்தம் இருபத்தேழு கார்த்திகை. படிவழியாக ஏறிப் படிவழியாகவே இறங்க வேண்டும். வின்ச் ரயில் கிடையாது. யாரும் கைத்தாங்கல் கொடுக்கக் கூடாது. இந்த நிபந்தனை எதையும் முருகன் கேட்கவில்லை. சும்மா கிடைக்கிற வரத்தை நம்பாத புத்தி எனக்கு, நானாகவே கூட்டிக்கொண்டேன்.

ஏறும்போது மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவாள். இறங்கும்போதுதான் தொடை இரண்டும் நடுங்கும்.

"அம்மா, எறங்குறதுக்கு மட்டும் வின்ச்சுல போயிருவோம்மா."

"வேண்டுதலைப் பாதியில விடக் கூடாதுடி. வாயை மூடிட்டு எறங்கு."

மறுநாள் படுக்கையை விட்டு எழ மாட்டாள். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று ஒருமுறை பயந்துபோய்ச் சொன்னாள். உடம்புச் சூடு என்று இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அப்படிப் பல மாதம் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இருபத்துநாலாவது கார்த்திகையில் படியில் உருண்டு மோவாய் கிழிந்தது. அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர் பெரியண்ணன் பிடிவாதமாக மதுரைக்குக் கூட்டிப்போனார். அவர் எனக்குத் தாய்மாமன், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே அவள் தொடையிலிருந்து பட்டாணி அளவு சதை எடுத்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று ஷர்மிளாவுக்குப் பசி. மாமா அவளைக் கேண்டீனுக்கு அழைத்துப்போக, டாக்டர் தேவகுமாரி முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். "இது நல்ல தசை. ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் பழுப்பா ஒரு கோடு தெரியுதுங்களா?" தெரிந்தது. அடுத்த படம் வந்தது. "இது உங்க பொண்ணோடது." அதில் செல்கள் சிறிதும் பெரிதுமாகக் கிடந்தன. சுற்றிலும் கோடே இல்லை.

தசை செல்லுக்குள் புரதம் இழை இழையாக வரிசையில் இருக்கிறதாம். ஒரு வரிசை இன்னொன்றைப் பிடித்து இழுக்கிறபோது தசை சுருங்குகிறதாம். அந்த இழைகளைச் செல்லின் தோலோடு கோத்துப் பிடிக்க, தோலை ஒட்டி வேறு புரதங்கள் வேண்டுமாம். அதில் ஒன்று இவளுக்கு இல்லை. சார்கோகிளைக்கான் என்று பேர் சொன்னார். நான் காப்பிக்கொட்டை மூட்டைக்கு வாய் தைக்கிறவள். தையல் விட்ட சாக்கைத் தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஏறுறப்போ தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். எறங்குறப்போ ஒடம்பு வெயிட்டைத் தாங்கிக்கிட்டே நீளும். செல்லோட தோல் அதிகமாக் கிழியறது அப்பதான். படி எறங்குறதை மொதல்ல நிறுத்துங்க. எறங்கின மறுநாள் யூரின் கறுப்பாப் போயிருக்கா?"

தலையாட்டினேன்.

"கிழிஞ்ச தசையிலேர்ந்து கசிஞ்ச புரதம்மா அது. எத்தனை தடவை எறங்கியிருப்பா?"

இருபத்துநாலு தடவை, ஒவ்வொரு தடவையும் அறுநூற்றுச் சொச்சம் படி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த நோய் எப்படியும் வந்திருக்கும்மா. சொந்தத்துல கட்டினீங்களா? அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தது. படி கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்காக அந்த நல்ல மனுஷியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. கல்யாணத்துக்கான பழியை நானும் மாமாவும் கட்டிவைத்த பெரியவர்களும் பங்கு போட்டுக்கொள்ளலாம். படிக்கு எனக்குப் பங்காளி கிடையாது.

வெளியே வந்தேன். ஷர்மிளா எனக்கென்று ஒரு வடையைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். "என்னம்மா சொன்னாங்க?"

"சத்துக்கொறவாம். கொஞ்ச நாளைக்கு மலையேற வேணாமாம்."

அவளுக்கும் மாமாவுக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வடையையும் தின்றேன்.

எட்டு மாதத்தில் அவள் நடை சுருங்கிப்போனது. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போக ஆள் தூக்கிவிட வேண்டும். ஊர் காரணம் கண்டுபிடித்தது. "மூணு கார்த்திகையப் பாக்கி வச்சுட்டு ஒக்காந்திருக்கா. சாமி சும்மா விடுமா?" என்று வீரம்மா என் காதுபடவே சொன்னாள். மாமாவும் அதையே மென்று மென்று பேசினார். கடைசியில் என் மகளும் நம்பிவிட்டாள்.

"வெள்ளிக்கெழமை கார்த்திகை. அப்பா கூட்டிட்டுப் போறேங்குது" என்றாள் ஒரு மாலை. "மேல வரைக்கும் தூக்கிட்டுப் போனாலும், எறங்குறப்போ நானே எறங்குவேன். ஒக்காந்து ஒக்காந்தாவது எறங்கிருவேன். மிச்ச மூணையும் முடிச்சுட்டா எந்திரிச்சுருவேம்மா."

"வேணாம்டி."

"ஏன் வேணாம்? பாதியில விட்டது நீதான. ஒனக்கு மூட்டை தைக்கிற சோலி பெருசாப் போச்சு. எங்காலு போனது ஒன்னாலதான்."

என்னால்தான். அவள் சொன்னதில் காரணம் மட்டும்தான் வேறு. வாயை மூடிக்கொண்டு சின்னப் பழியைச் சுமந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அவள் இறங்குவாள். மிச்சம் இருக்கிற நாலு இழையும் அறுந்துபோகும். அதனால் சொன்னேன். படத்தில் இல்லாத கோட்டை, கட்டங்காப்பி நிறம் எதனால் வந்தது என்பதை, டாக்டர் கேட்டதை, நான் சொன்ன எண்ணிக்கையை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "எட்டு மாசமாத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பழனிக்குப் போகவில்லை. மாமா ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு இஷ்டமில்ல" என்று முடித்துவிட்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் தைரியத்தைக்கூடக் கொடுத்தது.

சனிக்கிழமை வெள்ளனே, வழக்கம்போல அவளைக் கழிவறைக்குத் தூக்கக் குனிந்து அக்குளில் கை கொடுத்தேன். அவள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருந்தது.

"நீ தொடாத. வீரம்மா அத்தையக் கூப்புடு."

"அவசரமாடி? நான்..."

"அத்தையக் கூப்புடு."

போய்க் கூப்பிட்டேன். வீரம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏன்டி, பெத்தவ நீ நிக்கிறப்போ நான் எதுக்கு?"

"இடுப்புப் பிடிச்சுக்கெடக்குக்கா" என்றேன். இப்போது காலையும் மாலையும் அதையேதான் சொல்லிக் கூப்பிடுகிறேன்.