கைக்கு வராத முதுகு

மணிவேலின் அடிகள் எல்லாம் வாயிலேயே விழுந்தன. ஜேசிபி டிரைவர் கங்கப்பனை வண்டியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளி, நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, கையில் அகப்பட்ட அரைச் செங்கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தான்.

"யாரக் கேட்டுடா இடிச்ச? யாரக் கேட்டுடா எந்தங்கச்சி மேல செவுத்தத் தள்ளுன?"

கங்கப்பன் இரண்டு கைகளையும் தூக்கினான். "அண்ணா... நீவே..." என்றான். 'நீங்களே' என்று கன்னடத்தில் ஆரம்பித்தது அடுத்த அடியில் உடைந்து ரத்தமும் பல்லுமாக வெளியே வந்தது.

பத்தடி தள்ளி மணிவேலின் மனைவி ராஜாத்தி வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் சுகுணா உள்ளே கிடந்தாள். எந்த இடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. சுகுணாவின் கல் அறுக்கும் கிரைண்டர் செங்கல்லுக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உறுமலை வைத்துத்தான் தோண்டினார்கள். ரோஜாத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த ஆட்களில் ஒருவன் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கினான். சத்தம் நின்றது. அதற்குள் ஒரு கை தெரிந்தது.

வெளியே எடுத்துப் போட்டபோது சுகுணாவின் தலையில் ஒரு பக்கம் இல்லை. இன்னொரு பக்கம், காதில் அடைத்த பஞ்சு அடைத்தபடியே இருந்தது.

"உசுரு இல்லம்மா," என்றார் யாரோ.

அதைக் கேட்டதும் கூட்டம் டிரைவர் பக்கம் திரும்பியது. கட்டை, கல், செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். ஊர் அடிக்க ஆரம்பித்த பிறகு மணிவேல் எழுந்து ஒதுங்கி, செங்கல்லைக் கீழே போட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ராஜாத்தி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அன்று விடிகாலை ஆறு மணிக்கு அவள் களிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது அவன் வாசலில் நின்று போன் பேசினான். "ஷெட்டயும் சேத்துத் தள்ளிடு கங்கப்பா... உள்ள யாரும் இல்லப்பா. நாந்தான் சொல்றன்ல?"

ஓசூரிலிருந்து வண்டி வர எப்படியும் பதினொன்றாகும் என்று ராஜாத்தி நினைத்துக்கொண்டாள். எட்டு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது சுகுணாவிடம் சொல்லிவிடலாம். களியைக் கிண்டினாள். அவரைக்கொட்டைக் குழம்பைத் தாளித்தாள். தூக்குப் போசியோடு பாதி வழி போயிருப்பாள், சுவர் விழுந்தது.

தளி ரோட்டை ஒட்டிய அந்த நிலத்தில் மாமனார் நாராயணப்பன் இருந்தவரைக்கும் மல்பெரியும் பட்டுப்புழுவும்தான். அவர் போன பிறகு புழு ஷெட்டு சும்மா கிடந்தது. ஒரு நாள் சுகுணா தட்டுகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையிலிருந்து டெம்போவில் கழிவுக் கல் கொண்டுவந்து இறக்கினாள். பதினோரு வருஷமாயிற்று. மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனிக்குப் போவாள். பத்தரைக்கு வருவாள். காலை ஆறு மணிக்கு ஷெட்டில் இருப்பாள். காய்ச்சலென்றாலும் தீபாவளியென்றாலும் அங்கேதான். ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கி ஊரே கதவைச் சாத்திக்கொண்ட அன்றும் ஆறு மணிக்கு உளிச் சத்தம் கேட்டது.

போனவுடன் சிலைக் கல்லைத் தொடமாட்டாள். ஒரு வேஸ்ட் கல்லை எடுத்து நேர்கோடு ஒன்று கொத்துவாள். அதை ஒட்டி இன்னொன்று. அப்படி நாற்பது. ஒன்று கோணினால் முதலிலிருந்து.

"எதுக்கு சுகுணா இது? யாரு பாக்கப் போறாங்க?" என்று ராஜாத்தி ஒருமுறை கேட்டாள்.

"கை நேத்து பூரா கம்பெனில ஸ்க்ரூ முடுக்கிட்டு வந்திருக்குது அண்ணி. இது கல்லுடான்னு அதுக்கு ஞாபகப்படுத்தோணும்."

அவள் செய்ததெல்லாம் முதுகுதான். குனிந்து பாரம் தூக்கும் ஒரு பெண்ணின் முதுகு. முகமில்லை, காலில்லை. "அண்ணி, குடத்தத் தூக்கற மாதிரி ஒருக்கா குனிங்க," என்று நிறுத்திவைத்துத் தோள்பட்டை எலும்பை விரலால் தொட்டுப் பார்ப்பாள். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு முதுகு முடியும். ராஜாத்திக்கு எல்லாமே அழகாகத்தான் தெரிந்தன. சுகுணா பத்து நாள் அதைச் சுற்றிச் சுற்றி வருவாள். பிறகு பெரிய சம்மட்டியை எடுத்து ஒரே போடாகப் போட்டு உடைப்பாள். கல் தெறித்து ஒருமுறை ராஜாத்தியின் புருவத்தைக் கிழித்திருக்கிறது.

"பாவி, இவ்ளோ அழகா இருக்குதேடி!"

"அதான் அண்ணி. கைக்கு வந்துருச்சு. கைக்கு வந்தத வெச்சுக் கும்புட்டுட்டிருந்தா வராதது எப்ப வரும்?"

பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்து, ஹோட்டல் வாசலில் வைக்க ஒன்று கொடுங்கள் என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்று அனுப்பிவிட்டாள். அன்று மணிவேல் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தான்.

இப்போது ஒரு கம்பெனி லாரி நிறுத்த இடம் கேட்டது. கட்டடம் எதுவும் இல்லாமல் மட்டம் பண்ணித் தரவேண்டும். இரண்டு நாள் முன்பு சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"எடம் நீயே எடுத்துக்கண்ணா. எனக்குப் பங்கு வேணாம். ஷெட்ட மட்டும் உட்டுரு."

"முப்பத்தாறு வயசு. புருசன் இல்ல, புள்ள இல்ல, கல்லு கொத்திட்டுக் கெடக்கற. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். காலைல ஆறு மணிக்கு நான் அங்க இருக்கோணும். அவ்ளோதான்."

மணிவேல் எழுந்து வந்து அறைந்தான். அவள் சுவரில் மோதி நிமிர்ந்தாள். மறுபடியும் அறைந்தான். மறுநாள் ஆறு மணிக்கு, வீங்கிய கன்னத்தோடு, ஷெட்டில் நாற்பது கோடு கொத்தினாள்.

போலீஸ் வந்தபோது கங்கப்பனுக்கு நினைவில்லை. தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. சுகுணாவின் உடம்போடு ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றக் கூடாது என்று ஊர் சண்டை போட்டதில் அவனை ஒரு டெம்போவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெண் எஸ்.ஐ. இடிபாட்டைச் சுற்றி வந்தாள்.

"உள்ள என்ன தொழில் பண்ணிட்டிருந்தாங்க?"

"தொழில்லாம் ஒன்னுமில்ல மேடம். சும்மா பொழுதுபோக்கு," என்றான் மணிவேல். "கீழ்க்காட்ட மட்டம் பண்ணத்தான் வண்டிய வரச் சொன்னன். குடிகாரப் பையன், இத வந்து தள்ளிட்டான்."

எஸ்.ஐ. ராஜாத்தியைப் பார்த்தாள். "நீங்க எதாச்சும் சொல்லணுமா?"

ராஜாத்தியின் நகங்களில் மண்ணும் ரத்தமும் ஏறியிருந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த மகள் சுப்ரியா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இல்ல மேடம்," என்றாள் ராஜாத்தி.

அன்று மாலை மாமியார் லட்சுமியம்மாள் அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "காலைல அவன் போன் பேசுனது எனக்கும் காதுல உழுந்துச்சு. பெத்த வயிறு எரியுது. ஆனா போனவ போயிட்டா. இருக்கறவனயும் காட்டிக் குடுத்துட்டு நாம எங்க போவோம்? ஒனக்கும் பொட்டப் புள்ள இருக்குது." கதவைத் திறந்துகொண்டு போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பு வந்தது. துணி சுற்றி வந்ததால் குளிப்பாட்ட வழியில்லை. முகத்தையும் கையையும் மட்டும் துடைக்கச் சொன்னார்கள். ராஜாத்தி வலது கையை மடியில் எடுத்துவைத்து ஈரத்துணியால் துடைத்தாள். உள்ளங்கையில் காய்த்த தோல் செருப்பின் அடிபோல இருந்தது. பெருவிரல் கோணியிருந்தது. ரேகைகளுக்குள் போயிருந்த கல் தூள் துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் போதும் விடு என்றார்கள்.

பறையொலி நின்ற இடைவெளியில் வாசலில் ஒரு கூச்சல். கங்கப்பனின் மனைவி மாரம்மா தலைவிரி கோலமாக வந்து நின்றிருந்தாள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து கத்தி, மண்ணை வாரித் தூற்றினாள்.

"எங்க ஊட்டாளு வாயத் தெறக்க முடியாமக் கெடக்கறான்! பல்லு ஒன்னில்ல! போன் பண்ணிக் கூப்ட்டது யாரு? தேவ்ரே, நீ நோடு! சாமி, நீதான் பாக்கோணும்!"

"எவடி அவ, எழவு ஊட்டுல வந்து?" பந்தலிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவன் அவளைத் தள்ளினான். அவள் விழுந்து எழுந்தாள். எவனோ எறிந்த கல் அவள் நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்தது. காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் லத்தியோடு ஓடிவந்தார்கள். மணிவேல் அவர்களுக்கு முன்னால் போய் மாரம்மாவின் முடியைப் பிடித்தான்.

"ஒன் புருசன் எந்தங்கச்சியக் கொன்னுட்டான். நீ நியாயம் கேக்கறயா?"

ராஜாத்தி சுகுணாவின் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பந்தலைக் கடந்து வந்தாள்.

"அவள உடுங்க," என்றாள். "நீங்கதான் கூப்ட்டீங்க."

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

"காலைல ஆறு மணிக்கு. 'ஷெட்டயும் சேத்துத் தள்ளிடு, உள்ள யாரும் இல்ல'ன்னு சொன்னீங்க. நான் அடுப்படில இருந்தன். கேட்டன்."

மணிவேல் மாரம்மாவை விட்டான். திரும்பிய வேகத்தில் அறைந்தான். ராஜாத்தியின் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

"பைத்தியம் புடிச்சுப் பேசறா. யாரும் காதுல வாங்காதீங்க!"

"ஆறு மணிக்கு."

அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி உட்கார்ந்தாள். கொண்டையைப் பிடித்துத் தூக்கிப் பந்தல் காலில் மோதினான். மூங்கில் ஆடி, தென்னங்கீற்று ஒன்று சரிந்து விழுந்தது. அவள் வாயிலிருந்து ரத்தம் புடவையில் ஒழுகியது. "ஆறு மணிக்கு," என்றாள் மறுபடியும். சுப்ரியா ஓடிவந்து அப்பாவின் முன்கையைக் கடித்தாள். அவன் உதறியும் விடவில்லை. போலீஸ்காரர்கள் அவனைப் பின்னாலிருந்து அணைத்துக் கீழே தள்ளி முகத்தை மண்ணோடு அழுத்தியபோதுதான் அவள் பல்லை எடுத்தாள்.

கீழே கிடந்தபடி மணிவேல் மூச்சு வாங்கினான். அவன் பார்வை பாடையின் பக்கம் போயிற்று.

"வண்டிச் சத்தம் கேட்டா ஓடி வந்துருவான்னுதான்..." என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "எல்லாரும் ஓடித்தான வருவாங்க? வெளிய வரட்டும்னுதான் சொன்னன். அந்த எழவக் கீழ வெச்சுட்டு ஓடி வர வேண்டிதான? ஏன் வரல அவ?"

அரை மணியில் எஸ்.ஐ. ஜீப்பில் வந்து அவன் போனை வாங்கிப் பார்த்தாள். ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கொள்ளிச் சட்டி தூக்க ஆள் வேண்டும். பங்காளிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கேஸ் ஆன வீடு. லட்சுமியம்மாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நேரமாவுது. சுப்ரியா தூக்கட்டும்."

ராஜாத்தியை அவள் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

இடிந்த ஷெட்டைத் தாண்டித்தான் இடுகாட்டுக்குப் போகவேண்டும். தெற்குச் சுவர் மட்டும் நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு முதுகு வெயிலில் கிடந்தது. கழுத்துக்குக் கீழே இன்னும் திறக்காத கல். போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுப்ரியா பள்ளிக்கூடச் சுடிதாரோடு புகையும் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட்டார்கள். ராஜாத்தி நிற்கவில்லை. வீங்கி மூடிய ஒரு கண்ணோடு, மற்ற கண்ணால் வழி பார்த்து, கடைசி ஆளாக நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

குழி முழங்கால் ஆழத்திலேயே பாறை தட்டியதால் இரண்டு தடவை இடம் மாற்றித் தோண்டியிருந்தார்கள். வெளியே குவித்திருந்ததில் பாதி சரளைக்கல். உடம்பை இறக்கினார்கள். மூன்று கைப்பிடி மண் போடச் சொன்னார்கள். ஆண்கள் அள்ளிப் போட்டார்கள். கற்கள் துணியின் மேல் தொப் தொப்பென்று விழுந்தன. சுப்ரியா கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

ராஜாத்தி குழியோரம் உட்கார்ந்து ஒரு கை மண் அள்ளினாள். போடவில்லை. விரலால் கிளறி, அதிலிருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கட்டியாக இருந்ததை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பொடி செய்தாள்.

"சீக்கிரம் ஆவட்டும்மா," என்றார் ஒருவர்.

மாவு போலான அந்த மண்ணை, கையைக் குழிக்குள் எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கித் தூவினாள். இரண்டாவது கை அள்ளினாள். மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.