டிஃப் லாக் போடணுமா வேண்டாமா

மோகனனுக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேவைப்பட்டது. ஜீப்புக்கு டிஃப் லாக் போடலாமா, வேண்டாமா? இதைக் கேட்டுக்கொண்டு மூன்று மாதமாக மனுஷன் நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு விடை. ஒன்றாவது இன்னொன்றோடு ஒத்துப்போக வேண்டுமே! ம்ஹூம்.

பூவாரில் மணலில் படகு இழுக்க ஜீப் வைத்திருக்கிற பயஸ், "அது இல்லாம அதென்ன வண்டி மக்கா?" என்றான். "ஒரு டயர் மணல்ல பூந்துச்சுன்னா எஞ்சினுக்க சக்தி முழுக்க அதுக்குத்தான் போவும். அது சும்மா கெடந்து சுத்தும், மத்தது அனங்காம நிக்கும். லாக் போட்டா ரெண்டும் சேந்து சுத்தும். வண்டி கேறி வந்துரும்."

சரி, தீர்ந்தது வழக்கு என்று வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் மலையாளத்தில் ஒருத்தன் தலையில் அடித்துக்கொள்கிறான்: வளைவில் வண்டி திரும்பாது, ஆக்சில் முறியும், காசைத் தோட்டுத் தண்ணீரில் போடாதே. அடுத்தவன் தமிழ்: லாக் இல்லாமல் சேற்றுப் பக்கமே போகாதே. அதற்குக் கீழே இருநூறு பேர் கட்டிப்புரண்டு சண்டை. மோகனன் அத்தனையையும் உட்கார்ந்து வாசித்தான். வாசித்து முடித்தபோது, முதலில் தெரிந்திருந்ததும் போய்விட்டது.

"போடுங்க, இல்லேன்னா போடாண்டாம்," என்றாள் மனைவி ஸ்வப்னா. "ரெண்டுல ஒண்ணு தீர்மானியுங்க. கேட்டுக் கேட்டு எனக்குப் பிராந்து பிடிக்குது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆசைக்கு வாங்கி மாட்டுகிற சாமான் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? இதில் அவளுடைய அம்மை செல்லபாய் இருந்தாள்.

வெள்ளறடையிலிருந்து மலைப் பக்கமாகப் போனால் ரோட்டுக்குக் கீழே, தோட்டு ஓடையோரப் பள்ளத்தில் இரண்டே வீடுகள். ஒன்று மோகனனுடையது. மற்றதில் செல்லபாயும் மகன் அகிலேஷும். அங்கிருந்து ரோட்டுக்கு வர, ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ஏற்றம் ஒன்று உண்டு. கோழிக்கல் ஏற்றம் என்பார்கள். வெயில் காலத்தில் குழந்தை ஏறும். எடவ மாதம், அதாவது வைகாசி, பாதி கழிந்து மழை பிடித்ததோ, கோழிகூட வழுக்கி விழும்.

போன வருஷம் அந்த மழையில்தான், காலை பத்து மணிக்கு மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த செல்லபாயின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மோகனன் ஷார்ஜாவிலிருந்து திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமியை ஜீப்பில் கிடத்தி, நாலு சக்கரத்துக்கான லீவரையும் தள்ளிவிட்டு, ஏற்றத்தில் ஏற்றினான். பாதியில் நின்றது வண்டி. பின்னால் தள்ளிய அகிலேஷ் உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறாகிக் கத்தினான். மோகனன் இறங்கி டயருக்கடியில் கல் வைத்தான், மட்டை வைத்தான், உடுத்திருந்த கைலியைக்கூட அவிழ்த்து வைத்தான். சக்கரம் அதையும் தின்றுவிட்டுச் சுற்றியது. கடைசியில் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து மாமியைக் கட்டிலோடு தூக்கி ரோட்டில் சேர்க்கும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது.

"ஒரு மணிக்கூர் முன்ன வந்திருந்தா" என்று நெய்யாற்றின்கரையில் டாக்டர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். செல்லபாய்க்கு வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் அகிலேஷ் மோகனனின் சட்டையைப் பிடித்தான். "நாலு வீல் டிரைவ்னு பெருமை பேசினீங்கல்லா? ஒரு சக்கரம் சுத்துது, மூணு சக்கரம் வேடிக்கை பாக்குது! எனக்க அம்மைய நீங்கதான் இப்பிடி ஆக்கினீங்க."

அதற்குப் பிறகு அவன் மோகனனோடு பேசுவதே இல்லை. எவனோ அவனிடம் டிஃப் லாக் என்று ஓதிவிட, அன்று முதல் ஒரே பேச்சு: "லாக் போட்டாச்சா?" பேச்சா அது, குத்து! போட்டால் அன்றைக்கு இல்லாதது தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டதாகும். போடாவிட்டால் கல்நெஞ்சன் என்றாகும். உண்மையில் லாக் இருந்திருந்தால் மாமி இன்றைக்குப் பேசிக்கொண்டிருப்பாளா? இதை எந்த வீடியோவிலும் எவனும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஜீப்பை மேலே ரோட்டோரம் நிறுத்தியே மோகனன் காலம் தள்ளினான். இதோ, அடுத்த எடவம் வந்துவிட்டது.

போட்டுத் தொலைப்போம் என்று பாறசாலையில் கனகதாஸ் மேஸ்திரியின் ஒர்க்ஷாப்புக்கு வண்டியை விட்டான்.

கனகதாஸ் கதை முழுவதையும் பீடியை அணைக்காமல் கேட்டார். "அன்னைக்கு எந்தச் சக்கரம் சுத்திச்சு?"

"பின்னால, எடது."

"முன்னால?"

மோகனன் யோசித்தான். கல் வைக்கக் குனிந்தது ஞாபகம் வந்தது. முன் டயர் பக்கத்தில் மண்கூடக் கலங்கியிருக்கவில்லை. "முன்னால ரெண்டும் சும்மா நின்னுது."

"அதெப்பிடி? லாக் இல்லேன்னாலும் முன்னால ஒண்ணாவது சுத்தணுமே." மேஸ்திரி பீடியை எறிந்துவிட்டு வண்டிக்கடியில் நுழைந்தார். "அட கஷ்டமே!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. வெளியே வந்தவர் நேராக ஒர்க்ஷாப்பின் பின்மூலைக்குப் போனார். அங்கே ஏழெட்டு இரும்புத் தண்டுகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு பெயர் எழுதியிருந்தது. ஒன்றை எடுத்து வந்து மோகனன் காலடியில் போட்டார்.

"இதாக்கும் உங்க நாலு வீல் டிரைவ். முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட். இது இல்லாம லீவரப் போட்டா லீவர் போவும், சக்கரம் போவாது."

"இது எப்பிடி இங்க…"

"மழை இல்லாத காலத்துல எதுக்குச் சும்மா சுத்தணும்னு எல்லாரும் மகர மாசத்துல கழத்திருவாங்க. டீசல் கொஞ்சம் லாபம், சத்தமும் குறையும். எடவத்துக்கு முன்ன வந்து மாட்டிட்டுப் போவாங்க. இந்தப் பக்கம் பாதி ஜீப்பும் அப்பிடித்தான். இது மட்டும் ஒரு வருஷத்துக்கு மேலே இங்கதான் கெடக்கு."

மோகனன் குனிந்து சாக்கட்டி எழுத்தை வாசித்தான். அகிலேஷ்.

மோகனன் ஷார்ஜாவில் இருந்த இரண்டு வருஷமும் ஜீப்பை அவன்தான் ஓட்டினான். மழைக்கு முன்னால், மேட மாதத்தில் மோகனன் வந்து இறங்கியதும் சாவியைக் கையில் கொடுத்தான். இதைச் சொல்ல மறந்திருக்கிறான். படுபாவி! சொந்தக் கையால் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வருஷமாக என் சட்டையைப் பிடிக்கிறான்! மோகனனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த நிமிஷமே இன்னொன்று தோன்றி அந்த எரிச்சலையும் குழப்பியது. சாவி வாங்கிய நான் ஒரு தடவையாவது வண்டிக்கடியில் குனிந்து பார்த்தேனா?

"மேஸ்திரி, இது இருந்திருந்தா அன்னைக்கு ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கலாம். அந்தச் சேத்துல ஏறாம நின்னிருக்கவும் செய்யலாம். நான் என்ன தெய்வமா?"

"அப்பம் லாக்கு?"

"இத மாட்டி ஒரு மழை ஓட்டுங்க. அப்பறமும் நின்னா லாக்கப் பத்திப் பேசலாம்."

ஷாஃப்டை மாட்டிக்கொண்டு வீடு வரும் வழியெல்லாம் மோகனன் வாய்விட்டு ஒத்திகை பார்த்தான். 'எலே அகிலேஷே, இங்க வா. உனக்க பேரு எதுல எழுதியிருக்குன்னு தெரியுமாலே?' அமரவிளையில் ஒரு மாதிரி சொல்லிப் பார்த்தான், வெள்ளறடையில் வேறு மாதிரி. ஒவ்வொரு மாதிரியிலும் கடைசியில் அகிலேஷ் தலை குனிந்தான். நினைக்கவே சுகமாக இருந்தது.

வியாழக்கிழமை செல்லபாயைக் கைப்பயிற்சிக்கு நெய்யாற்றின்கரை கொண்டுபோக வேண்டும். விடிந்ததிலிருந்தே மழை. பள்ளத்தில் ஜீப் நிற்பதைப் பார்த்த அகிலேஷ் அம்மையைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்தான். வேறு யாரையும் தூக்க விடமாட்டான். பின்னால் உட்கார்த்தி, ஸ்வப்னாவின் தோளில் சாய்த்து, கோணிய வாயில் வழிந்த எச்சிலைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டான். "அம்மைக்குக் குளிருதா?" என்றான். பதில் வராது என்று தெரிந்தும் குனிந்து காத்து நின்றான். பிறகு மோகனன் பக்கம் திரும்பினான்.

"லாக் போட்டாச்சா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. சொன்னால் இவன் தாங்குவானா? சொல்லாவிட்டால் நான் தாங்குவேனா? எச்சில் பட்ட அந்தச் சட்டைக் கையை மோகனன் பார்த்தான்.

"போட்டாச்சு," என்றான்.

அகிலேஷ் கையில் கல்லோடு பின்னால் நடந்து வந்தான். பழைய இடத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றியது. ஸ்வப்னா "தெய்வமே!" என்றாள். முன்சக்கரம் மண்ணைப் பிடித்தது. ஜீப் ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறி ரோட்டில் நின்றது.

கல்லைப் போட்டுவிட்டு அகிலேஷ் ஓடி வந்தான். ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து மோகனனின் கையை இறுக்கிப் பிடித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு, மச்சான் முறை சொல்லி, "அளியா" என்று கூப்பிட்டான்.

"அளியா, உங்க மேல எனக்குத் தீராத கோபம் இருந்துச்சு. உள்ளதச் சொல்லுதேன், வெட்டிரணும்னுகூட இருந்துச்சு. இன்னியோட விட்டாச்சு. நீங்க தெரியாமதானே செஞ்சீங்க? நான் பொறுத்தாச்சு."

பின்னால் ஸ்வப்னா வாய் பொத்தி அழுதாள். சந்தோஷத்தில்தான். மோகனனுக்கு இவனை ஓங்கி அறைவதா, கட்டிப் பிடிப்பதா என்று விளங்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை. அகிலேஷ் அம்மையை ஒரு தரம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"இது அன்னைக்கே வண்டியில இருந்திருந்தா, அம்மை இப்பம் பேசுவாளா, அளியா?"

"தெரியாதுடே," என்றான் மோகனன். "எனக்குச் சத்தியமா தெரியாது. ஏறு. மழையில நனையாத."