அருணாசலம் காலத்து வேலை

சேரன்மகாதேவியில் எங்கள் தொலைபேசி கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் பெரிய கட்டடம். ஒரு காலத்தில் முப்பது பேர் வேலை பார்த்தோம். இப்போது மூன்று பேர். அதிகாரி சிவசண்முகம் சார், லைன்மேன் எலியேசர் அண்ணாச்சி, டெக்னீஷியனாக நான், கார்த்திகேசன். மீதி இடத்தில் புறா இருக்கிறது. முகூர்த்த நாளில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் கார் நிறுத்த எங்கள் காம்பவுண்டைக் கேட்டு வருவார்கள். மற்றபடி உள்ளே வருகிறவர்கள் கனெக்ஷன் வேண்டாம் என்று போனைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள்.

ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனால் அன்று மத்தியானம் சாப்பாட்டில் சண்டை வரும். சார் எலியேசர் அண்ணாச்சியைச் சொல்வார், ரிப்பேர் என்று கூப்பிட்டால் போவதில்லை என்று. அண்ணாச்சி என்னைச் சொல்வார், உள்ளே இருக்கிற மெஷினை இவன் ஒழுங்காக வைத்திருந்தால் வெயிலில் நான் ஏன் ஏணி ஏறுகிறேன் என்று. நான் சாரை நேராகச் சொல்ல முடியாது. அதனால் 'மேலே உள்ளவர்கள்' என்பேன். அது யார் என்று சாருக்குத் தெரியும்.

சண்டை முற்றினால் முடிக்க ஒரு வழி வைத்திருந்தோம். "எல்லாம் அருணாசலம் காலத்து வேலை" என்று யாராவது ஒருவர் சொல்வோம். மற்ற இரண்டு பேரும் ஆமாம் என்பார்கள். பிறகு மோர் மிளகாயைப் பங்கு வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். அருணாசலம் சார் எனக்கு முன்னால் என் சீட்டைப் பார்த்தவர். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. கம்ப்ளைண்ட் சொல்ல வருகிறவர்களிடமும் இதையேதான் சொன்னோம். அவர்கள் அவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். எங்களுக்கும் ஊருக்கும் மனஸ்தாபம் இல்லை.

போன ஆடி மாதம் தலைமை அலுவலகத்தில் இருந்து கேட்டார்கள், வாடிக்கையாளர்கள் ஏன் போகிறார்கள் என்று. மழை, ரோடு தோண்டுகிறவர்கள், கேபிளைக் கடிக்கிற குரங்கு என்று சார் எழுதி அனுப்பினார். காரணங்கள் தேவையில்லை, பொறுப்பான ஊழியரின் பெயரை அனுப்பவும் என்று பதில் வந்தது. யார் பெயர் போகிறதோ அவரை மலை மேல் இருக்கிற மாஞ்சோலை டவருக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஊழியர் சங்கத்தில் சொன்னார்கள்.

மாஞ்சோலையில் தேயிலை எஸ்டேட் ஆட்கள் பெரும்பாலும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். எங்கள் டவர் மட்டும் இறங்கவில்லை. நான் பார்த்த இடங்களில் எங்கள் கம்பெனி சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அதுதான்.

என்னால் அங்கே போக முடியாது. என் மனைவி வேணி நாகர்கோவிலில் நர்ஸ். சனி, ஞாயிறுதான் வருவாள். மற்ற நாளெல்லாம் நானும் மகள் சுப்ரஜாவும்தான். அவள் ப்ளஸ் டூ. ஹாஸ்டலில் சேர்க்கட்டுமா என்று ஒருதடவை கேட்டதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வருஷம் முழுக்க நீ படிக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லித்தான் சமாதானம் செய்தேன்.

"ஒரு பேரைச் சொல்லுங்கவே," என்றார் சார். "நாளைக்கு அனுப்பியாகணும்."

"உங்க பேரையே அனுப்புங்க. நீங்கதான பெரிய ஆளு," என்றார் அண்ணாச்சி.

"கையெழுத்துப் போட்டு அனுப்புதவன் நான். என் பேரை நானே எப்படிவே எழுத?"

"அப்ப என் பேரா? எனக்கு மூட்டு வலி. மேல ஏறிட்டா இறங்க மாட்டேன். பொறவு நீங்கதான் வந்து தூக்கிட்டுப் போகணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளை ப்ளஸ் டூ படிக்கா சார்," என்றேன்.

"படிக்கட்டும். அவளையா மாத்துதாவ?"

 வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், நாம எப்பவும் அருணாசலம் சாரைத்தான சொல்லுதோம். அவரு பேரையே அனுப்பிருவோம்."

"அவரு ரிட்டையர் ஆனவருல்லா?"

"அதான் சார் நல்லது. அவரை எங்கன மாத்த முடியும்?"

சார் ஃபேனைப் பார்த்து யோசித்தார். அண்ணாச்சி மட்டும், "ஆளு உயிரோட இருக்காரா?" என்று கேட்டார்.

"பாளையங்கோட்டையில மகன் வீட்டுல இருக்காராம்."

"நல்லா இருக்கட்டும்," என்றார் அண்ணாச்சி. பெயர் போய்விட்டது.

புரட்டாசியில் விசாரணை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. புறா எச்சத்தைக் கழுவினோம். வண்ணார்பேட்டைக்குப் போய் நல்ல மிக்சர் வாங்கி வந்தேன். காலையில் கார் வந்து நின்றது. கையில் பையோடு அருணாசலம் சார் இறங்கினார்.

முதலில் எங்களைத் திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. விசாரிக்க ஆள் போதவில்லை என்று ரிட்டையர் ஆனவர்களை ஆலோசகராகத் திரும்ப எடுத்திருக்கிறார்களாம். இந்தப் பக்கத்துக்கு அவரைப் போட்டிருக்கிறார்கள்.

அவர் நேராக வந்து என் சீட்டில் உட்கார்ந்தார். ஓடுகிற ஃபேன் அங்கேதான் இருக்கிறது.

"அருணாசலம்னு ஒருத்தர் பேரு வந்திருக்கு," என்றார். "அவரு என்னவெல்லாம் செஞ்சாருன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"சார், நீங்கதான் வருவீங்கன்னு எங்களுக்குத் தெரியாது," என்றார் சிவசண்முகம் சார்.

"நான் விசாரிக்க வந்திருக்கேன்வே. என்னைப் பத்திப் பேச வரலை. அவரைப் பத்திச் சொல்லும்."

 அவர் மிக்சரை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் எலியேசர் அண்ணாச்சி பைய ஆரம்பித்தார்.

"கேபிளை ஆழமாப் புதைக்கலை சார். சும்மா மண்ணைத் தள்ளி மூடிட்டாரு."

"ம். வேற?"

"ரயில்வே கேட்டுக்கு அங்கன கேபிள் பொட்டி வச்ச இடம் சரியில்ல. மழை பெஞ்சா உள்ள தண்ணி நிக்கி."

"அப்பவே யாரும் சொல்லலையா?"

"சொன்னா கோவப்படுவாரு சார்."

"ஆளு அப்படியா?"

"ஆமா சார். ஒருநாளும் ஒரு டீ வாங்கித் தந்ததில்ல," என்றார் அண்ணாச்சி. அவருக்குப் பயம் போய்விட்டது. அருணாசலம் சார் அதையும் எழுதிக்கொண்டார். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றேன். பேரைச் சொன்னது யார் என்று கேட்டார். அந்த இரண்டு பேரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள்.

கொஞ்ச நேரம் எழுதிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் ருசுவாயிட்டு. அருணாசலம்தான் பொறுப்பு. நானே கையெழுத்துப் போட்டுட்டேன்."

சிவசண்முகம் சார் பெருமூச்சு விட்டார்.

"ஆனா அவரு ரிட்டையர் ஆனவரு. ஒண்ணும் செய்ய முடியாது. அப்படி இருந்தா பொறுப்பு சீட்டுக்குப் போகும். அது நம்ம கம்பெனி வழக்கம்தான. இப்ப அவரு சீட்டு யாருகிட்ட இருக்கு?"

"நான் ஃபேன் ஓடுதுன்னுதான் சார் அங்கன உக்காந்தேன்," என்றேன்.

"நானும் அதுக்குத்தான்வே உக்காந்தேன்," என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. "உம்ம மேல எனக்கு வருத்தம் கிடையாது. எனக்கு முன்னால இதுல இருந்தவரை நானும் இதே மாதிரிதான் சொல்லிக்கிட்டிருந்தேன். பாவம், அவரு செத்துப் போயிட்டாரு."

பிள்ளை படிப்பைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அந்த ஃபாரத்தில் அதை எழுத இடம் இல்லை என்றார். மீதி மிக்சரை அண்ணாச்சி மடித்துக் கொடுத்தார்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் வேணி சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்தாள்.  நான் பஸ் ஏறும்போது சுப்ரஜா, "வீட்டுல இருப்பேன்னு சொன்னீங்க," என்று மட்டும் சொன்னாள்.

மாஞ்சோலையில் எனக்கு வேலை ஜெனரேட்டரைப் பார்ப்பது, பேட்டரியைப் பார்ப்பது, காலில் ஏறுகிற அட்டையைப் பார்ப்பது. சாயங்காலம் ஆனால் மகளோடு வீடியோவில் பேசுவேன். எங்கள் வீட்டில் வேறு கம்பெனி சிம் கிடையாது. சாரும் அண்ணாச்சியும் ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிறார்கள். நான் சம்பளம் வாங்குகிற இடத்துக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று வைக்கவில்லை. எங்கள் கம்பெனி சிக்னல் வீட்டுக்குள் வராது. அதனால் நான் போட்டு வைத்த நெட் லைன்தான் எல்லாவற்றுக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் காலையில் சுப்ரஜா மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டாள். அங்கே ஒரு மூலையில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். "அப்பா, நேத்தையில இருந்து நெட்டு இல்ல. நாளைக்கு பிசிக்ஸ் டெஸ்ட்." அதற்குள் கட் ஆகிவிட்டது.

நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டேன். எலியேசர் அண்ணாச்சி எடுத்தார்.

"பிள்ளையார் கோயில் பின்தெருவுல ஒரு வீட்டுல நெட்டு வரலை," என்றேன்.

"அந்தத் தெருவா? அதெல்லாம் கார்த்திகேசன் காலத்து வேலைங்க. அந்தாளு போட்டது போட்டபடி மலைக்குப் போயிட்டாரு. நாங்க என்ன செய்ய?"

"அண்ணாச்சி, நான் கார்த்திகேசன்தான் பேசுதேன்."



"உம்ம குரலு எனக்குத் தெரியாதாவே?" என்றார். "யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்னு சார் சொல்லியிருக்காரு. உமக்கு மட்டும் மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"பிள்ளைக்கு நாளைக்கு டெஸ்ட் அண்ணாச்சி."

"போனை வையும்," என்று வைத்துவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பஸ்ஸில் கீழே இறங்கினால் டவரை விட்டுப் போனேன் என்று இன்னொரு விசாரணை வரும். சாயங்காலம் மூடுபனி இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது. வீடியோவில் சுப்ரஜா தெரிந்தாள்.

"யாரு வந்து பாத்தா?" என்றேன்.

"எலியேசர் மாமா. ஏணியைத் தோள்ல வச்சு நடந்தே வந்தாவ. லைனைப் பாத்துக்கிட்டே உங்களைத் திட்டினாவ. அம்மா குடுத்த காப்பியைக் குடிச்சிட்டு மறுபடியும் திட்டினாவ."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சரி பண்ணினதை சார்கிட்ட சொல்லாண்டாம்னு சொன்னாவ."

"சரி, நீ படி."

"நீங்க வைக்காதீங்க. அப்படியே இருங்க," என்றாள்.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு டவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். சிக்னல் நன்றாக இருந்தது.