முருகையன் பெயருக்கு நேரே

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடங்களுக்கு முன், 1973இல், அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதி ஒன்றில் நான் ஒரு பெயர்ப் பட்டியல் எழுதினேன். அதில் ஒரு வரி பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். சொன்னவள் சொர்ணம். எழுதியவள் நான், ஜெயபாரதி, அப்போது வயது இருபத்து மூன்று, சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சேவைச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள்.

என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “ஆற்றின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்த ஒரு காலையில்...” அடித்துவிட்டேன். பனி இல்லை. சாக்கடை நாற்றம்தான் இருந்தது.

இரண்டாவது: “வன்முறை என்பது வறுமையின்...” இது கட்டுரை. இதையும் அடித்தேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

2

ஒரு குளிர்நாடு* எங்கள் சங்கத்துக்கு உதவி தர முன்வந்தது. ‘குற்றம், வன்முறைத் தடுப்புச் சமூகத் திட்டம்’ என்று பெயர். அடிதடியில் இறங்கும் ஆண்கள் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் லேத் என்னும் கடைசல் இயந்திர வேலை கற்றுத் தர வேண்டும். ஆறு மாதப் பயிற்சி, பிறகு நிரந்தர வேலை. சாதுவானவர்களுக்கு இடமில்லை, திட்டமே சண்டைக்காரர்களுக்குத்தான்.

(*நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். எனக்கு இன்னும் பிடிபடாதது அதுதான்.)

செய்தி பரவியதும் குடிசைப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “எங்கண்ணன் மூணு மண்டைய ஒட்ச்சிகீது, எழுதிக்கோ.” “எம் மச்சான் ஜெயிலுக்கே போய்ட்டு வந்தவரு.” ஜெயில் வாசலையே பார்க்காதவர்களெல்லாம் அன்று ஜெயிலுக்குப் போய் வந்தார்கள்.

சொர்ணம் கடைசியாக வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவள். கணவன் முருகையன் வெள்ளையடிப்பவன். மழைக்காலம் முழுவதும் அவனுக்கு வேலை இருக்காது.

“எங்க வூட்டுக்காரு பேரையும் போட்டுக்கோம்மா.”

“அவர் சண்டை போடுவாரா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “குட்ச்சா கத்தி எடுப்பாரு.”

“குடிப்பாரா?”

“அதையும் எழுதிக்கோ.”

அந்த நேரத்தில் முருகையன் பத்தடி தள்ளி, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் காலில் சிக்கிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். (ஆட்டுக்குட்டி உண்மை. கதையில் வைத்தால் செயற்கையாகத் தெரிகிறது. எடுத்துவிட்டால் அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். வைத்துவிட்டேன்.)

எழுதினேன்: ‘முருகையன், 27, குடித்தால் கத்தி எடுப்பார்.’ மரியாதைக்கு ‘எடுப்பார்’ என்றுதான் போட்டேன்.

3

பட்டியலை எங்கள் செயலாளர் அனந்தராமனிடம் கொடுத்தேன். மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி, யாரையும் அதட்டிப் பேசாதவர்.

“பேஷ். இன்னொரு காப்பி டைப் அடிச்சு ஸ்டேஷனுக்கும் அனுப்பிடுங்கோ. இன்ஸ்பெக்டரைத் தொடக்க விழாவுக்குக் கூப்பிட்டிருக்கோம். யாருக்காக இந்தத் திட்டம்னு அவருக்கும் தெரியணுமோல்லியோ?”

அப்போது எனக்குள் ஏதோ நெருடியது என்று எழுதி... (இல்லை. அப்படி எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். எதுவும் நெருடவில்லை. தபால்தலை சரியாக ஒட்டாமல் இரண்டாம் முறை ஒட்டியது மட்டும் நினைவிருக்கிறது.)

விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு பள்ளி மைதானத்தில். பயிற்சிக்குத் தேர்வானவர்களுக்காக முன்வரிசையில் இருபது நாற்காலிகள். ஒன்பதே முக்கால் வரை ஒருவரும் வரவில்லை. வாசலில் சொர்ணம் மட்டும் மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

“விடிகாலைல வந்து அல்லாரையும் வண்டில ஏத்திக்கினு பூட்டாங்கம்மா. வெள்ளைக்காரரு வர்றாராம், கலாட்டா ஆவக் கூடாதாம். போலீசு கையில நீ எழுதின பேப்பரு கீது. பேரு பேரா படிச்சிதான் இட்டுக்கினு போனான்.”

“நான் வந்து பேசறேன்,” என்றேன்.

“இப்பவே வாம்மா. அவரு கத்தி எடுக்கறவரு இல்லன்னு சொல்லு. நாந்தான் சொம்மா சொன்னேன்னு சொல்லு.”

மேடையிலிருந்து அனந்தராமன் கையசைத்துக் கூப்பிட்டார். விருந்தினர் பேச்சை மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆளில்லை. “பத்து நிமிஷம் இரு,” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். விழா இரண்டரை மணி நேரம் நடந்தது.

4

இந்தப் பகுதியில் வாசகர் சிரித்துவிடக் கூடாது என்று மூன்று முறை திருத்தினேன். முடியவில்லை.

பயிற்சி பெறுபவர்களுக்குச் சட்டைத்துணி வழங்க வந்திருந்தார் நல்லசிவம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். துணி மூட்டைகளோடு அவருடைய கடை ஆட்களும் வேனில் வந்திருந்தார்கள். அனந்தராமன் அவர்களை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

“எங்க ஆளுவள எதுக்கு அங்க உக்கார வைக்கிய?” என்று கேட்டார் நல்லசிவம்.

“சித்த நேரம்தான். காலியா இருந்தா நன்னாவா இருக்கும்?”

வெளிநாட்டு விருந்தினர் பேசி முடித்ததும் மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. ஒருவரிடம், இதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“நான் பாப்ளின் துணி பக்கம் நிக்கேன்,” என்றார் அவர், பயந்துபோய்.

“இவர் இப்போது ஒரு வேலையில் நிற்கிறார்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது பொய் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் வாசலுக்கு ஓடினேன். சொர்ணம் போய்விட்டிருந்தாள். அனந்தராமனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பிடிச்சுண்டு போகச் சொல்லி நான் சொல்லலை. நீங்களும் சொல்லலை. இன்ஸ்பெக்டரைத்தான் எப்படிக் குத்தம் சொல்றது? இவாள்ளாம் ஆபத்தானவான்னு நாமதானே எழுதிக் குடுத்திருக்கோம்?”

என்னிடம் பதில் கேட்பது போலத்தான் கேட்டார். அறிக்கையில் இப்படி எழுதினேன்: ‘விழா நாளன்று அப்பகுதியில் எந்தக் குற்றமும் நடைபெறவில்லை.’

5

பின்னால் என்ன ஆயிற்று என்று காத்திருக்க வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் மதியம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. முருகையன் லேத் வேலை கற்றான். நன்றாகவே கற்றான். இன்றும் அதே பட்டறையில் இருக்கிறான். மழைக்காலத்திலும் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. பட்டியல் மட்டும் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது. தேர்தல், மந்திரி வருகை, எது வந்தாலும் முந்தின நாளே அவனைக் கூட்டிப்போய் உட்கார வைக்கிறார்கள். நெருக்கடி நிலையின்போது பதினெட்டு நாள். இப்போதெல்லாம் மாற்றுச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு அவனே தயாராக இருக்கிறானாம்.

‘ஆகவே திட்டம் வெற்றி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ஆகவே திட்டம் தோல்வி’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே மேலே உள்ளவற்றோடு பொருந்துகின்றன.

என்னால் முடிக்க முடியாமல் கிடப்பது இதுவல்ல. அவன் விடுதலையாகி வந்த அன்றைய மாலை.

6

கவிழ்த்துப் போட்ட சுண்ணாம்பு டின் மேல் உட்கார்ந்திருந்தான். வலது கை வீங்கியிருந்தது. சொர்ணம் அவன் பின்னால் நின்றிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

“அம்மா, அந்தப் பேப்பரு உன்கிட்ட கீதா? எம் பேருக்கு நேரா இன்னா எழுதிக்கீற?”

நான் பையின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது. ஸ்டேஷன்ல கேட்டேன், அதுக்கும் அடிச்சாங்க. நீ படி.”

நகல் பையில் இருந்தது. எடுத்து விரித்தேன். அவன் தலைக்கு மேலாகச் சொர்ணம் என்னைப் பார்த்தாள். அவள்தான் சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது. அது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

படித்தேன்: “முருகையன். வயது இருபத்தேழு. வெள்ளையடிப்பவர். சாது.”

அவன் எழுந்து தாளை எட்டிப் பார்த்தான்.

“சாதுன்னா எழுதின?”

“ஆமாம்.”

“அப்ப இன்னாத்துக்கும்மா அடிச்சாங்க?”

நான் சொன்ன பதிலை ஆறு விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் பழியெல்லாம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டு மிக அழகாக அழுகிறேன். இன்னொன்றில் சொர்ணம் முன்னால் வந்து, “நாந்தான்யா சொன்னேன்,” என்கிறாள், அவன் வீங்கிய கையை ஓங்குகிறான், பட்டியல் மெய்யாகிவிடுகிறது. மற்றொன்றில் அவன் சிரிக்கிறான். அதை நானே நம்பவில்லை. மீதி மூன்றைக் கிழித்துவிட்டேன்.

நான் உண்மையில் என்ன பதில் சொன்னேன் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான் என்று தோன்றுகிறது. நான் தப்பித்துக்கொள்வதாகவும் தோன்றுகிறது. எது சரி என்று தெரியவில்லை. அவன் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் படிக்கத் தெரிந்தவர். இப்படி என் பக்கத்தில் வந்து நின்று, அவனுக்கு ஏதாவது சொல்லுங்கள்.